பந்தியிலிருந்து மதகு வரை: ஒரு கல்யாண மண்டபத்தின் குப்பை பற்றிய நிகழ்வு ஆய்வு

தஞ்சைப் பகுதியில் ஒரு நகராட்சி. அங்குள்ள கல்யாண மண்டபம் ஒன்றில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களைக் குறைக்க எடுத்த முயற்சியின் பதிவு இது. ஊர், மண்டபம், மனிதர்கள் யாருடைய பெயரும் தரப்படவில்லை. மண்டபத்தை நடத்தும் அறக்கட்டளை உதவிக்குக் கூப்பிட்ட உள்ளூர்க் குழுவில் நானும் ஒருவன். இதே சிக்கலில் இருக்கும் மண்டபக்காரர்களுக்கும் நகராட்சிக்காரர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

மண்டபமும் பழைய ஏற்பாடும்

மண்டபம் 1980-களில் கட்டியது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காரலாம். பின்கட்டில் சமையல் கூடம், அதை ஒட்டிப் பாத்திரம் கழுவும் சிமெண்ட் தொட்டி, அப்புறம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பாசன வாய்க்கால்.

ஸ்டோர் ரூமில் ஒரு பழைய பதிவேடு கிடைத்தது. எவர்சில்வர் டம்ளர், டபரா, ஜக்கு, வாளி, கரண்டி, ஜமக்காளம் என்று வரிசையாக எழுதி, கல்யாண வீட்டாரிடம் எண்ணிக் கொடுத்ததும் எண்ணி வாங்கியதும் குறித்திருக்கிறார்கள். இரண்டு டம்ளர் குறைந்தால் அதற்கான காசு பில்லில் ஏறியிருக்கிறது. கலர், சோடா எல்லாம் மரப்பெட்டியில் கண்ணாடி பாட்டிலாக வந்து, காலி பாட்டிலாகக் கம்பெனிக்கே திரும்பிப் போயிருக்கின்றன. எச்சில் இலையை மாடு வைத்திருக்கும் ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போவார். அதற்கு அவரும் காசு கொடுத்ததில்லை, மண்டபமும் கொடுத்ததில்லை.

சுருக்கமாகச் சொன்னால், அந்தக் காலத்து கல்யாணத்தில் குப்பை என்று தனியாக ஒன்று பெரிதாக இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பேசுமுன் அந்தச் சிமெண்ட் தொட்டியையும் பார்க்க வேண்டும். தொட்டி தரையோடு தரையாக இருக்கிறது. நாலைந்து பெண்கள் அதைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ராத்திரி முழுக்க சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கூலி சொற்பம். சாப்பாடு கடைசிப் பந்திக்கும் பிறகு. யார் வீட்டுப் பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள் என்பதை ஊரில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்களின் மகள்கள் அந்த வேலைக்கு வரவில்லை. வராமல் போனதுதான் நியாயம்.

ஒவ்வொன்றாக மாறியது

முதலில் போனது சமையல்காரருடனான பழைய கணக்கு. முன்பு சமையல் மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் கூலி, மளிகை கல்யாண வீட்டாருடையது. பிறகு 'இலைக்கு இத்தனை ரூபாய்' என்ற கான்ட்ராக்ட் வந்தது. அந்தக் கணக்கில் ஆள் குறைந்தால் கான்ட்ராக்டருக்கு லாபம். கழுவும் ஆளும் மேஜை துடைக்கும் ஆளும்தான் முதலில் குறைந்தார்கள். அவர்கள் இடத்துக்கு மேஜை விரிப்பு ரோலும் பிளாஸ்டிக் டம்ளரும் வந்தன. கழுவுகிற வேலை மறைந்துவிடவில்லை. கழுவாமல் வீசியதைக் கூட்டி அள்ளும் வேலையாக மாறி, தூய்மைப் பணியாளர் தலையிலும் குப்பைக் கிடங்கிலும் போய் விழுந்தது. அந்தச் செலவு கான்ட்ராக்டர் பில்லில் வராது, மண்டப வாடகையிலும் வராது. அதனால்தான் தூக்கி எறிவது மலிவாகத் தெரிந்தது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், நெய்யாத துணிப்பை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மண்டபத்தில் பிளாஸ்டிக் டம்ளர் உடனே நின்றது. பேப்பர் கப் வந்தது. அதுவும் பட்டியலில் இருக்கிறது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. பேப்பர் கப் தடை செல்லும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. காகிதம் தண்ணீரைத் தாங்காது. உள்ளே பாலிஎதிலின் படலம் ஒட்டினால்தான் அது கப். அந்தக் கப்பில் 100 மில்லி வெந்நீரைக் கால் மணி நேரம் வைத்திருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் கண்டார்கள்.

தடைப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள் பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பந்தியில் தண்ணீர் வைக்க சட்டத்துக்குள் இருந்த சுலபமான வழி அதுவாகிவிட்டது. கொரோனா வந்தது, மூடி உடைக்காத பாட்டில்தான் பத்திரம் என்று எல்லோருக்கும் தோன்றியது. நோய்ப் பயம் போன பிறகும் 300 மில்லி பாட்டில் இலைக்கு ஒன்று என்பது மரியாதையாக நிலைத்துவிட்டது. அதில் மணமக்கள் பெயர், படம், தேதி, மண்டபத்தின் பெயர் எல்லாம் போட்டு லேபிள் ஒட்டித் தரும் கம்பெனிகளும் வந்தன. பொருளின் பெயரைச் சொல்லித் தடை போட்டால் பழக்கம் அடுத்த பொருளுக்குத் தாவும் என்பதற்கு இந்த மண்டபமே போதும்.

மதகில் அடைத்தது

ஒரு வருடம் ஜூனில் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்த சில நாளில், கடைமடைப் பக்கத்து விவசாயிகள் மூன்று பேர் மண்டப அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு சாக்கு. உள்ளே மதகிலிருந்து வாரிய பாட்டில்கள். மூடி போட்ட பாட்டில் உள்ளே பாதித் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும். மிதந்து போய் மதகுப் பலகையில் வரிசையாக நிற்கும். அதன் மேல் கேரி பேக்கும் இலையும் ஆகாயத்தாமரையும் படிந்து அணை மாதிரி ஆகிவிடும்.

எந்த மண்டபத்துக் குப்பை என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. லேபிளில் அச்சடித்திருந்தது. சாக்கில் இருந்தது மூன்று வேறு கல்யாணங்களின் பாட்டில்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் மறுக்கவில்லை. விசாரித்ததில் தெரிந்தது இது: நகராட்சி வண்டி கலந்த குப்பையை எடுக்க மறுத்திருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு விதிகளின்படி சராசரியாக நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் இடம் அதைத் தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. முகூர்த்த சீசனில் மண்டபம் அந்த அளவை எளிதில் தாண்டும். வண்டி எடுக்காத குப்பையைக் காவலாளி மதிலோரம் கொட்டி எரித்திருக்கிறார். எரியாத ஈரக் குப்பை, மதில் ஓட்டை வழியாக வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. எரித்ததில் பிளெக்ஸ் பேனரும் உண்டு. பிளெக்ஸ் பிவிசி பூசியது. அதைத் திறந்த வெளியில் எரித்தால் டயாக்சின் என்ற நச்சு வரும். பக்கத்துத் தெருக்காரர்கள் புகையைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தார்கள்.

இலை எடுக்க வந்துகொண்டிருந்த மாட்டுக்காரர் என்ன ஆனார் என்று கேட்டோம். சில வருடங்களுக்கு முன்பே நின்றுவிட்டாராம். நேரில் போய்ப் பேசியபோது அவர் சொன்னது: "இலையோட பிளாஸ்டிக் கவரும் வருதுங்க. உக்காந்து பொறுக்கி எடுக்க யாரால முடியும்? ஒரு கறவை வயிறு உப்பிச் செத்துப்போச்சு. டாக்டர் கிழிச்சுப் பாத்தா உள்ள பூரா கவரு."

ஒரு கல்யாணக் குப்பையைப் பிரித்தபோது

தீர்வு பேசுமுன் ஒரு கல்யாணத்தை முழுதாகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். காலை டிபன் முதல் மதியச் சாப்பாடு வரை கூடத்திலேயே நின்றோம். பிறகு வந்த குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி வகை பிரித்தோம். மண்டபத்தின் தூய்மைப் பணியாளர் பெண்கள் இருவர் கூட இருந்தார்கள். எங்களை விட அவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

எடையில் பெரும்பங்கு வாழை இலையும் மிச்சச் சோறும். இடத்தை அடைத்தது பாட்டில். பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் மிச்சம் இருந்தது. சிலவற்றில் மூடி மட்டும் திறந்திருந்தது. கைக்குழந்தை இலைக்கும் ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். பழைய பேப்பர்க்காரர் பெட் பாட்டிலை எடுத்துக்கொள்வார்தான், ஆனால் தண்ணீரோடு எடுக்க மாட்டார். ஒவ்வொன்றாய்த் திறந்து ஊற்ற ஆள் இல்லாததால் காசாகக்கூடிய அந்தப் பொருளும் குப்பையோடு போனது.

முக்கியமான விஷயம் கூடத்தில் தெரிந்தது. ஒரு பந்தி எழுந்ததும் இரண்டு பையன்கள் மேஜையின் ஒரு முனையில் ஆரம்பித்து, விரிப்பை இலை, பாட்டில், பாயசக் கப், பீடாக் குச்சி எல்லாவற்றோடும் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே மறுமுனைக்குப் போனார்கள். சுருட்டை நேராகக் கறுப்புப் பையில் திணித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கூடம் காலி, அடுத்த பந்திக்கு விரிப்பு தயார். வாசலில் அதற்குள் ஆட்கள் நாற்காலி பிடிக்க நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

குப்பை கலப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதன் பிறகு எத்தனை நிறத்தில் தொட்டி வைத்தாலும் பிரிக்க முடியாது. 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே விருந்தாளி எதையும் தூக்கிப் போடவே இல்லை. சாப்பிட்டார், எழுந்தார், கை கழுவப் போனார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அறக்கட்டளைக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் எழுந்தன. மண்டபத்துக்குள் பாட்டிலையே தடை செய்யலாம் என்றார் ஒருவர். மக்கும் தட்டு, மக்கும் கப் வாங்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் ஏற்கவில்லை. தடை போட்டால் கல்யாண வீட்டார் பக்கத்து ஏசி மண்டபத்துக்குப் போவார்கள், பாட்டிலும் அங்கே போகும். 'மக்கும்' என்று விற்கிற பல பொருட்கள் மக்குவதற்கு அதற்கான ஆலையின் வெப்பம் வேண்டும். வாய்க்காலில் கிடந்தால் அவையும் நாள்கணக்கில் அப்படியேதான் கிடக்கும்.

முதல் முடிவு, மேஜை விரிப்பை நிறுத்துவது. பாட்டிலை விட அதையே முதலில் தொட்டோம், கலப்பதற்கு அதுதான் காரணம் என்பதால். மேஜைகளுக்கு எவர்சில்வர் தகடு அடித்தோம். இலை எடுக்க ஒருவர், ஈரத்துணி, காய்ந்த துணியோடு துடைக்க ஒருவர் என்று வரிசைக்கு இரண்டு ஆள் கூடுதல். அந்த ஆட்களை மண்டபமே போடும், கான்ட்ராக்டர் தலையில் கட்டுவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நீண்ட பேச்சு நடந்தது. ஒரு பெண்ணின் அப்பா செயலாளரிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "சார், டம்ளர் எனக்குப் பிரச்னையே இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ஒரு தண்ணி பாட்டில்கூட வைக்கலைன்னு பேச்சு வந்துடக்கூடாது." இது சுகாதாரக் கவலை இல்லை, மானக் கவலை. அதற்குப் பதில் சொல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. எனவே பாட்டிலை ஒழிக்கவில்லை. இலையில் வைப்பதை மட்டும் நிறுத்தினோம். கூடத்தின் வாசலில் ஒரு மேஜையில் பாட்டில் இருக்கும், வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இலைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். தண்ணீர், ஆர்ஓ கேனிலிருந்து எல்லோர் கண்ணெதிரே செம்பு ஜக்கில் பிடித்து ஊற்றப்படும். செம்பு ஜக்கு செயலாளரின் யோசனை. பாட்டிலுக்குப் பதில் அதை விட உசத்தியாகத் தெரிகிற ஒன்றை வைக்க வேண்டும் என்றார். எனக்கு அப்போது இது ஜோடனையாகப் பட்டது, வேலை செய்தது.

அடுத்தது கழுவுவது. தரைத் தொட்டியை இடித்தோம். இடுப்பு உயரத்தில் மூன்று எவர்சில்வர் தொட்டிகள்: சோப்புத் தண்ணீர், அலசல், கடைசியில் வெந்நீர். கையுறை, நிற்கிற இடத்தில் வழுக்காத விரிப்பு, தலைக்கு மேல் விசிறி. வேலைக்கு ஆண் பெண் இருபாலாரையும் எடுத்தோம். பரிமாறுபவருக்கு என்ன கூலியோ அதே கூலி. சாப்பாடு இரண்டாம் பந்தியில். இதில் பேரம் பேசியிருந்தால் ஆள் நின்றிருக்க மாட்டார்கள், பேப்பர் கப் மறு மாதமே திரும்பியிருக்கும். இந்தச் செலவு மண்டப பில்லில் 'டம்ளர் வாடகை' என்று தனி வரியாக வந்தது.

நீலகிரியில் 2022 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். காட்டில் வீசும் பாட்டில் உடைந்து யானை போன்ற விலங்குகளைக் காயப்படுத்துகிறது என்ற கவலையில் தொடங்கிய ஏற்பாடு அது. அதைப் பார்த்து ஒரு 'குப்பை டெபாசிட்' வைத்தோம். குப்பை பிரித்தபடி ஒப்படைக்கப்பட்டால் பணம் திரும்பும்.

தாம்பூலப் பையில் கட்டாயம் வைக்கவில்லை. மஞ்சப்பை நல்லதுதான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' தொடங்கிய பிறகு கல்யாணத்துக்குக் கல்யாணம் மஞ்சப்பை வருகிறது. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குவதை எண்ணவே பயமாக இருக்கிறது. பருத்தி விளைக்கத் தண்ணீரும் மருந்தும் வேண்டும். ஒரு துணிப்பை பலமுறை கடைக்குப் போய் வந்தால்தான் அது பிளாஸ்டிக்கை விட மேல். எனவே பை வேண்டுமா என்று விருந்தாளியைக் கேட்டுக் கொடுங்கள், தேங்காயைக் கையிலும் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னோம்.

முதல் முகூர்த்தங்கள்

ஆவணியில் தொடங்கினோம். முதல் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்கே டம்ளர் தீர்ந்தது. முதல் பந்தி டம்ளர் கழுவி வருமுன் அடுத்த பந்தி உட்கார்ந்துவிட்டது. சமையல் கான்ட்ராக்டர், இதற்குத்தான் காத்திருந்தவர் போல, வேனிலிருந்து பேப்பர் கப் கட்டை இறக்கினார். அன்று மதியம் பாதிக் கூடம் டம்ளரிலும் பாதிக் கூடம் கப்பிலும் குடித்தது.

அவர் மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் பல மாதங்களுக்கு முன் பழைய முறையில் போட்டது. கப்பும் பாட்டிலும் அவருடைய விலையில் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. பயன்படுத்தாவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லை, ஆனால் பந்தி தாமதமானால் கெட்ட பெயர் அவருக்கு. அடுத்த கல்யாணத்துக்குள் ஒரு பந்திக்கு மூன்று செட் டம்ளர் என்று வாங்கினோம்: ஒன்று இலையில், ஒன்று கழுவும் இடத்தில், ஒன்று கையிருப்பில். பந்திகளுக்கு இடையில் கால் மணி நேரம் என்று அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே வீட்டாரிடம் பேசிவைத்தோம்.

டம்ளர்கள் காணாமலும் போயின. திருட்டு என்று எல்லோரும் நினைத்தார்கள். இலைத் தொட்டியைக் கிளறியதில் பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்தன; இலையோடு சேர்த்து மடித்துப் போட்டிருக்கிறார்கள். 'முதலில் டம்ளர், அப்புறம் இலை' என்று எடுக்கும் வரிசையை மாற்றியதும் குறைந்தது.

வாசல் மேஜை பாட்டில் பற்றி ஒரு கவனிப்பு. இலையில் வைத்தால் எல்லோரும் திறக்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டுமென்றால் மிகச் சிலரே வருகிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பப் பஸ் ஏற வேண்டியவர்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை.

ஓராண்டு போன பிறகு

முகூர்த்தச் சாப்பாட்டைப் பொறுத்தவரை முயற்சி நிலைத்துவிட்டது. இலை சுத்தமாக வர ஆரம்பித்து சில மாதம் கழித்து மாட்டுக்காரர் வந்து ஒருநாள் பார்த்தார், கையால் கிளறினார், ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த முகூர்த்தத்துக்கு டெம்போவோடு வந்தார். குப்பையில் எடையுள்ள பகுதி அதோடு போய்விட்டதால், நகராட்சி வண்டிக்கு மிஞ்சியது காய்ந்த குப்பை மட்டும். மதில் ஓட்டையை அடைத்தாகிவிட்டது. எரிப்பது நின்றது.

வாய்க்கால் அடைப்பு குறைந்தது, நிற்கவில்லை. மேலே இன்னும் இரண்டு மண்டபங்களும் ஒரு சந்தையும் இருக்கின்றன. அடுத்த ஜூனில் விவசாயிகள் மறுபடி ஒரு சாக்கு கொண்டுவந்தார்கள். லேபிள்களில் எங்கள் மண்டபத்தின் பெயர் இல்லை என்பதைச் செயலாளர் அவர்களிடம் காட்டினார். அதனால் அவர்களுக்கு என்ன ஆறுதல்?

வரவேற்பு நிகழ்ச்சிகளில் தோற்றோம். சாயந்திரம் பஃபே. தட்டு, ஐஸ்கிரீம் கப், சாட் கிண்ணம், வெல்கம் டிரிங்க் கப், காபி கப் என்று ஒருவரே ஐந்தாறு பொருளை எறிகிறார். நின்றுகொண்டே சாப்பிடுவதால் கப் கூடம் முழுக்கச் சிதறுகிறது. மேடை முன் வெடிக்கும் ஜிகினாக் காகிதமும் சேர்கிறது. ஒவ்வொரு ஸ்டாலும் வேறு வேறு ஆளின் கான்ட்ராக்ட் என்பதால் யாரிடம் பேசுவது என்றே தெரியவில்லை. குப்பை டெபாசிட்டை வரவேற்பு வீட்டார் பலர் திரும்பக் கேட்கவே இல்லை. அந்தத் தொகையை அவர்கள் குப்பை போடுவதற்கான கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். நீலகிரியில் பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் திருப்பித் தருகிறவரும், லட்சங்களில் செலவு செய்யும் கல்யாண வீட்டாரும் ஒரே மாதிரி கணக்குப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது.

முன்பதிவு பற்றிய பயம் பாதி சரி. சில வீட்டார் ஏசி மண்டபத்துக்குப் போனார்கள். அவர்கள் போனது டம்ளருக்காகவா ஏசிக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறுபடி செய்தால்

சமையல் கான்ட்ராக்டரோடு முதல் நாளே உட்கார வேண்டும். மண்டபம் பதிவாகும்போதே கப், பாட்டில், விரிப்பு இல்லாத 'இலை விலை' எழுத்தில் வர வேண்டும்; அவற்றின் காசு கழிந்தது வீட்டாருக்குத் தெரிய வேண்டும். எங்கள் மண்டபத்தில் டம்ளர் வாடகை கூடுதல் செலவாகவே தெரிந்தது. கான்ட்ராக்டர் விலை குறையாததால், கழுவுவதற்கும் காசு, எறிவதற்கும் காசு என்று வீட்டார் இரண்டு முறை கொடுத்தார்கள்.

தூய்மைப் பணியாளர்களைத் திட்டம் போடும் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். 'முதலில் டம்ளர், அப்புறம் இலை' என்ற வரிசையை அவர்களில் ஒருவர்தான் சொன்னார், அதுவும் டம்ளர்கள் தொலைந்த பிறகு.

டெபாசிட்டை விட, மிஞ்சும் குப்பையை எடை போட்டு கிலோவுக்கு இவ்வளவு என்று பில்லில் போடுவது பொருத்தமாக இருக்கும். தராசு வாங்கியாகிவிட்டது. விலை நிர்ணயிப்பதில் அறக்கட்டளைக்குள் இன்னும் இழுபறி.

வரவேற்புக்கு இப்போது காபி ஸ்டாலை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். காபியை டபரா செட்டில்தான் தருவது, அந்த ஸ்டாலை மண்டபமே நடத்துவது என்று தை மாத முன்பதிவுகளிலிருந்து எழுதி வாங்குகிறார்கள். மற்ற ஸ்டால்கள் அப்படியேதான் இருக்கின்றன.